கட்டியவர்களின் கதையையும் எழுதுங்கள்: எரித்திரியாவின் பண்பாட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

எரித்திரியாவின் பண்பாடு, விளையாட்டு ஆணையத்தின் ஆணையர் அவர்களுக்கும், தலைநகர் அஸ்மாராவின் மரபுச் சின்னங்களைக் காக்கும் பணியில் இருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம்.

கெரென் பக்கத்தில் ஒரு கல்லூரியில் உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். இந்தியாவிலிருந்து உங்கள் நாட்டுக்கு வந்த விரிவுரையாளர்களில் ஒருவன். ஊர் திரும்பி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் எரித்திரியா பற்றி ஒரு செய்தி வந்தால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் படிக்கிற பழக்கம் போகவில்லை. இந்த மடலின் ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியாக வருகிறது. தமிழில் பொதுவில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கே எரித்திரியா என்றால் போர், அகதி, படகு என்ற மூன்று சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என் மக்களும் இதைப் படிக்கட்டும் என்று நினைத்தேன்.

கேட்க வந்தது ஒரே ஒரு காரியம். அஸ்மாராவையும் உங்கள் மற்ற மரபுச் சின்னங்களையும் கட்டியவர்கள், அவற்றுக்காகக் கல் சுமந்தவர்கள், போரில் இடிந்ததைத் திரும்பத் தூக்கி நிறுத்தியவர்கள் ஆகிய சாதாரண எரித்திரியர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஒன்பது மொழிகளிலும் செய்யுங்கள். நாட்டுக்குள் இருப்பவர், வெளியே போனவர் என்று பிரிக்காமல் செய்யுங்கள். செய்ததை யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வையுங்கள். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வயதாகிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் கேட்க ஆள் இருக்காது.

2017 ஜூலையில் யுனெஸ்கோ அஸ்மாராவை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தேன். உங்கள் நாட்டுக்குக் கிடைத்த முதல் உலக மரபு அங்கீகாரம் அது. அப்புறம் அஸ்மாராவைப் பற்றி வந்த கட்டுரைகளை எல்லாம் தேடிப் படித்தேன். எல்லாவற்றிலும் ஃபியாட் தாலியேரோ இருந்தது. 1938-இல் ஜுசெப்பே பெத்தாட்சி வடிவமைத்த பெட்ரோல் நிலையம். இரண்டு பக்கமும் 15 மீட்டருக்குத் தூணே இல்லாமல் கான்கிரீட் சிறகுகள் நீண்டு நிற்கும். சினிமா இம்பேரோ இருந்தது, ஓபரா அரங்கு இருந்தது, குய்தோ ஃபெர்ராட்சா கட்டிய பெரிய மசூதி இருந்தது. ஹர்னெத் நிழற்சாலையின் பனைமரங்கள் இல்லாத புகைப்படமே இல்லை.

தாலியேரோ பற்றி ஒரு கதை உண்டு, உங்களுக்குத் தெரியாததல்ல. சிறகுகளுக்குக் கீழே கொடுத்திருந்த முட்டுகளைப் பிரித்தால் கான்கிரீட் தலையில் விழும் என்று எல்லோரும் பயந்தார்களாம். பெத்தாட்சி துப்பாக்கியை எடுத்துத் தலைக்கு நேரே நீட்டிப் பிரிக்கச் சொன்னாராம். உண்மையோ கட்டுக்கதையோ, நான் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. யார் தலைக்கு நேரே நீட்டினார் என்பதில்தான் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். அந்த முட்டுகளை உண்மையில் உருவியவர்கள் யார்? சென்ட்ரிங் அடித்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? கம்பி கட்டியது யார், கலவை சுமந்தது யார், நாளுக்கு என்ன கூலி? இதை ஒரு கட்டுரையும் கேட்கவில்லை. அந்தக் கட்டுமானத்தில் நமக்குத் தெரிந்த பெயர் வரைபடம் போட்டவருடையது ஒன்றுதான்.

1935-இல் எத்தியோப்பியா மீது படையெடுக்க இத்தாலியின் காலனியாக இருந்த எரித்திரியாவை முசோலினி தளமாக்கியபோது அஸ்மாரா ஒரேயடியாக வீங்கியது. சில ஆண்டுகளுக்குள் ஊர் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இத்தாலியர்கள். அந்தச் சில ஆண்டுகளில்தான் இன்று உலகம் கொண்டாடும் கட்டடங்களில் பெரும்பாலானவை எழுந்தன. அதற்கு முன்பே, 1913-இல் கவன்யாரி என்பவர் போட்ட நகரத் திட்டம் ஐரோப்பியருக்கு ஒரு பகுதி, உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு பகுதி என்று ஊரைக் கூறு போட்டிருந்தது. பிறகு வந்த பாசிச இனச் சட்டங்கள் அந்தக் கோட்டை இன்னும் ஆழமாகக் கீறின. பகலில் ஐரோப்பியர் பகுதியில் வீடு கட்டியவர் ராத்திரி அங்கே தங்க முடியாது. அவர் திரும்பிப் போன இடம் அப்பா ஷாவுல்.

யுனெஸ்கோவின் அங்கீகாரம் அப்பா ஷாவுலையும், அர்பாத்தே அஸ்மெராவையும் சேர்த்தே சொல்கிறது. திட்டமிடப்படாமல் தானாக வளர்ந்த உள்ளூர்க் குடியிருப்புகள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதை விண்ணப்பத்தில் எழுதிச் சேர்த்தவர்கள் உங்கள் ஆட்கள். அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஏனென்றால் அதுதான் இந்த மடலுக்கே அடிப்படை. கட்டடக்கலைப் புத்தகம் தூக்கிக்கொண்டு வருகிற பயணி அப்பா ஷாவுல் பக்கம் போவதில்லை. போனாலும் பார்க்க என்ன இருக்கிறது? குறுகிய சந்து, தகரக் கூரை, தண்ணீர் பீப்பாய். அங்கே பார்ப்பதைவிடக் கேட்பதற்குத்தான் நிறைய இருக்கிறது. தாத்தா கொத்தனார், தாத்தாவின் தம்பி தச்சுப் பட்டறையில் எடுபிடி, பாட்டி இத்தாலியர் வீட்டில் துணி துவைத்தவள் என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன.

மெதெபெர் சந்தைக்கு நான் அடிக்கடி போவேன். அஸ்மாராவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. கண்ணாடி மாளிகை வேண்டாம், இதைக் காட்டுங்கள் என்று ஊரிலிருந்து வந்த நண்பர்களிடம் சொல்வேன். உள்ளே நுழைந்தால் முதலில் காது அடைத்துவிடும். எண்ணெய் பீப்பாயைப் பிளந்து தட்டித் தட்டி அடுப்பாக்குவார்கள். பழைய டயரை அறுத்துச் செருப்பாக்குவார்கள். தேய்ந்த லாரி ஸ்பிரிங் அங்கே போய் மண்வெட்டியாகத் திரும்பும். அந்தப் பக்கம் பெர்பெரே மிளகாய்த் தூள் அரைக்கும் இயந்திரங்கள். நெடி மூக்கில் ஏறி எல்லோரும் தும்முவார்கள், அரைக்கிற பெண்கள் மட்டும் தும்ம மாட்டார்கள். ஒரு பெரியவர் பீப்பாய்த் தகட்டை மடிக்கும்போது அளவுகோல் எதையும் எடுக்காமல் விரலால் சாண் போட்டுக் கோடு கிழிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வளைவு ஒரு நூல் பிசகவில்லை. யாரிடம் கற்றீர்கள் என்று மாணவன் ஒருவனை விட்டுக் கேட்டேன். அப்பாவிடம் என்றார். அப்பா இத்தாலியர் பட்டறையில் இருந்தவராம், அங்கே அவரை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். அந்த அப்பாவின் பெயரைப் பெரியவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். எனக்குத் தெரிந்து வேறு எந்தக் காகிதத்திலும் அந்தப் பெயர் கிடையாது.

அடுத்து ரயில். உங்கள் நாடு தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று ஒரு வெளியாளுக்குச் சொல்ல வேண்டுமானால் நான் அரசியல் சட்டத்தையோ கொடியையோ காட்ட மாட்டேன், மசாவா - அஸ்மாரா ரயில் பாதையைக் காட்டுவேன். 1887-இல் செங்கடல் கரையில் தொடங்கிய வேலை, 1911-இல்தான் அஸ்மாராவைத் தொட்டது. 118 கிலோமீட்டருக்குள் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. சுரங்கங்களும் பாலங்களும் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். 1970-களின் நடுவில், எத்தியோப்பியாவிடமிருந்து விடுதலை கேட்ட போர் முற்றியபோது ஓட்டம் நின்றது. தண்டவாளத்தையும் இரும்பு ஸ்லீப்பர்களையும் பெயர்த்துக்கொண்டு போய்ப் பதுங்குகுழிகளுக்குக் கூரை போட்டார்கள். 1991-இல் சண்டை ஓய்ந்தபோது மிச்சம் இருந்தது மலைச்சரிவில் ஒரு தடம் மட்டும்.

அதைத் திரும்பப் போட்டது உங்கள் நாட்டுக்காரர்கள். 1994-இல் நாடு கூப்பிட்டதும் வேலையை விட்டு ஓய்ந்திருந்த ரயில்வே ஆட்கள் திரும்பி வந்தார்கள். எழுபதைத் தாண்டியவர்கள், எண்பதைத் தொட்டவர்கள். பதுங்குகுழியிலிருந்து தண்டவாளங்களைத் தோண்டி எடுத்து, வளைந்ததை நிமிர்த்தி, 1938-இல் செய்த அன்சால்தோ நீராவி என்ஜின்களைப் பிரித்துக் கோர்த்து, 2003-இல் வண்டியை அஸ்மாரா வரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். இளைஞர்களுக்கு வேலை கற்றுக் கொடுத்துக்கொண்டே செய்தார்கள்.

வெளிநாட்டுக் குழு ஒன்று ஏற்பாடு செய்த வண்டியில் எனக்கு ஒருமுறை இடம் கிடைத்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் பிடிக்கிறவர் ஒருவர் இருந்தார். என்ஜின் ஊதும் விசிலுக்கு ஏற்ப அவர் சக்கரத்தைத் திருகி இறுக்க வேண்டும், தளர்த்த வேண்டும். எங்கள் பெட்டியில் இருந்தவர் நெஃபாசித் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சரிவு குறைந்த பிறகுதான் தோளை உதறிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். எந்த வளைவில் எத்தனை திருகு என்பது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டோம். முழங்கையைத் தட்டிக் காட்டினார். இந்தக் கைக்குத் தெரியும் என்றார். அந்தக் கைக்குத் தெரிந்ததை எழுதி வைத்தீர்களா என்பதுதான் உங்களிடம் என் கேள்வி. இப்போது வழக்கமான பயணிகள் வண்டி ஓடுவதில்லை என்று தெரியும். நாளைக்கு வேறு தலைமுறை அதை ஓட்ட நினைத்தால் தண்டவாளம் இருக்கும், என்ஜினும் இருக்கலாம். விசிலுக்கும் கைக்கும் இருந்த கணக்கு எங்கே கிடைக்கும்?

கெரென் நான் வாழ்ந்த ஊர் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். ஊருக்கு வெளியே பொதுநலவாய நாடுகளின் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1941 பிப்ரவரி, மார்ச்சில் பிரிட்டிஷ் தரப்புக்கும் இத்தாலியருக்கும் அங்கே நடந்த சண்டையில் நான்காவது, ஐந்தாவது இந்தியப் படைப்பிரிவுகள் அந்தச் செங்குத்து மலைகளில் ஏறிச் செத்தன. நான்காவது பிரிவோடு வந்தவர்களில் எங்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையும் உண்டு. கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே தனியாக ஒரு நினைவிடம் வைத்து, எரியூட்டப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். கடல் கடந்து, யாருக்கோ சண்டை போட வந்து சாம்பலான எங்கள் ஆட்களுக்குக்கூட உங்கள் மண்ணில் பெயர் இருக்கிறது. அதே கெரெனில் இத்தாலியக் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. இத்தாலியர் படையில் சேர்ந்து மடிந்த, அஸ்காரிகள் எனப்பட்ட எரித்திரியச் சிப்பாய்களை அங்கே புதைத்திருக்கிறார்கள். வரிசையாகப் பல கற்களில் ‘பெயர் தெரியாத அஸ்காரி’ என்றே செதுக்கியிருக்கிறது. சொந்த ஊரில், சொந்த மலையடிவாரத்தில் பெயர் தெரியாதவன். அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்தபோது வந்த கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

அஸ்காரிகளைப் பற்றிப் பேசுவது உங்களுக்குச் சங்கடம் என்பது புரிகிறது. காலனி ஆட்சிக்குத் துப்பாக்கி தூக்கியவர்களை விடுதலை பெற்ற நாடு எந்த இடத்தில் வைக்கும்? ஆனால் கூலிக்குச் சேர்ந்தவரும் கட்டாயத்தில் சேர்ந்தவரும் உங்கள் கிராமங்களின் பிள்ளைகள்தானே. அவர்கள் வீட்டுப் பேரன் பேத்திகள் இன்று உங்கள் பள்ளிகளில் படிக்கிறார்கள். 1961 செப்டம்பர் 1-ஆம் தேதி அதால் மலையில் விடுதலைப் போரின் முதல் குண்டைச் சுட்ட ஹாமித் இத்ரீஸ் அவாத்தேயே இத்தாலியப் படையில் இருந்தவர்தான். அவரைக் கொண்டாடுகிற வரலாற்றில் அவரோடு அந்தப் படையில் இருந்த மற்றவர்களுக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டும்.

போராட்டக் காலத்தை நீங்கள் பதிவு செய்யாமல் விடவில்லை. அஸ்மாராவின் ஆய்வு, ஆவண மையம் விடுதலை இயக்கத்தின் காகிதங்களைப் பொத்திப் பாதுகாக்கிறது. முப்பதாண்டுப் போரையும் நக்ஃபாவின் பதுங்குகுழிகளையும், பெண்கள் ஆண்களுக்குச் சமமாக நின்றதையும் நீங்கள் மறக்க விடமாட்டீர்கள். ஜூன் 20-இல் தியாகிகள் நாளன்று மெழுகுவர்த்தி ஏந்தி ஊரே நடக்கிறது. சாலை நடுவே பிளாஸ்டிக் செருப்புக்குச் சிலை வைத்த நாடு உங்களுடையது. போராளிகள் காலில் போட்ட ஷிதா செருப்பு அது. சாதாரணப் பொருளின் பெருமை தெரிந்தவர்கள் என்பதால்தான் உங்களிடம் கேட்கத் தைரியம் வருகிறது. போராளியின் செருப்புக்குக் கொடுத்த இடத்தைக் கொத்தனாரின் கரண்டிக்கும் கொடுங்கள் என்கிறேன்.

பழைய சின்னங்களைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. இரண்டை மட்டும் சொல்கிறேன். செனாஃபே அருகே மெத்தெராவில் நிற்கும் ஹவுல்த்தி கல்தூண், மேலே சூரியனும் பிறையும், கீழே கீஸ் என்ற பழைய மொழியின் எழுத்துகளும் கொண்டது. 2000 மே மாதக் கடைசியில், எல்லைப் போரின்போது எத்தியோப்பியப் படை அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தபோது, அதை வெடி வைத்துச் சாய்த்தார்கள். ஹேக் நகரில் இரு நாட்டு இழப்பீட்டு ஆணையம் விசாரித்து, ஆக்கிரமித்த நாடே பொறுப்பு என்று சொல்லி, 2009-இல் 50,000 டாலர் இழப்பீடு விதித்தது. ஒரு கல்லுக்காக உலகத் தீர்ப்பாயம் வரை போன உறுதி உங்களுடையது. கல்லில் என்ன இருந்தது என்பது அறிஞர்களின் புத்தகத்தில் இருக்கிறது. வெடிச் சத்தத்தைக் கேட்ட கிராமத்தார் அன்றைக்கு என்ன நினைத்தார்கள், அந்தக் கல்லைப் பற்றித் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வளர்த்தார்கள் என்பதையும் அதே உறுதியோடு எழுதி வையுங்கள்.

இன்னொன்று அடூலிஸ். எங்களுக்கும் உங்களுக்கும் தொப்புள்கொடி போல ஒன்று இருக்கிறது என்றால் அது அந்தத் துறைமுகம்தான். முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய செங்கடல் வழிக் குறிப்பு, அடூலிஸில் தந்தமும் ஆமை ஓடும் கிடைப்பதைச் சொல்கிறது. அந்தக் கரைக்கு இந்தியாவிலிருந்து இரும்பும் எஃகும் பருத்தித் துணியும் வந்து இறங்குவதைச் சொல்கிறது. அதே குறிப்பு சில பக்கம் தள்ளி எங்கள் முசிறிக்கு வந்து சேர்கிறது. தமிழ்நாட்டில் சங்க காலம் படிக்கிற பிள்ளைக்கு முசிறி தெரியும், அடூலிஸ் தெரியாது. 2011 முதல் இத்தாலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து அங்கே தோண்டுகிறீர்கள், மகிழ்ச்சி. தோண்டுகிற குழியில் கூடை சுமக்கும் சூலா பக்கத்து சாஹோ, அஃபார் மக்களுக்கு அந்த மணல்மேட்டைப் பற்றிச் சொந்தக் கதைகள் இருக்கும். அறிக்கைகளில் அவர்கள் தொழிலாளர் எண்ணிக்கையாக நின்றுவிடக் கூடாது.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்களைப் பாராட்ட எனக்கு நிறைய இருக்கிறது. திக்ரிஞா, திக்ரே, சாஹோ, பிலேன், அஃபார், ஹெதாரெப், குனாமா, நாரா, ரஷாயிதா என ஒன்பது இனங்கள். தொடக்கப் பள்ளியில் பிள்ளை தன் தாய்மொழியில் படிக்கலாம் என்பது உங்கள் கொள்கை. அம்ஹாரிக் மொழியைத் திணித்து, திக்ரிஞாவையும் அரபியையும் அலுவலகங்களிலிருந்து துரத்திய காலத்தை அனுபவித்தவர்கள் வகுத்த கொள்கை அது. ஆனால் நடைமுறையில், மாநகர மேடைக்கு வரும்போது சிறிய இனங்கள் ஆட்டமும் உடையுமாகச் சுருங்கிவிடுகின்றன. விழா மேடையில் ஒன்பது ஆடைகள் அணிவகுக்கும், கை தட்டுவோம், கீழே இறங்கியதும் பேச்செல்லாம் திக்ரிஞாவில் நடக்கும். என் வகுப்பில் இருந்த பிலேன் பையன்கள் தங்களுக்குள் பேசும்போதுகூடப் பாதி திக்ரிஞாவைக் கலந்தார்கள். கெரெனில் ஒரு பிலேன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்கள் குலவை போட ஆரம்பித்ததும் எங்கள் ஊர்க் கோயில் கொடை ஞாபகத்துக்கு வந்தது. மணப்பெண்ணின் பாட்டி தனியாக உட்கார்ந்து ஒரு நீளமான பாட்டுப் பாடினார். பக்கத்தில் இருந்த மாணவனிடம் அர்த்தம் கேட்டேன். பாதிதான் புரிகிறது சார் என்றான். அந்தப் பாட்டு அவனுக்கே பாதிதான் புரிகிறது என்றால் அவன் பிள்ளைக்கு?

காபிச் சடங்கைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரை இல்லை, அதனால் சுருக்கமாக விடுகிறேன். பச்சைக் கொட்டையை வறுத்து, புகையை ஆளாளுக்கு முகர்ந்து பார்க்கக் கொடுத்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் காய்ச்சி, அவல், கலாய், பெரெக்கா என்று மூன்று சுற்று ஊற்றும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வீட்டின் கதை முழுவதும் வெளியே வந்துவிடும். கேட்டுப் பதிவு செய்ய இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது.

இனி சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும். இருந்தாலும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும்.

நான் பாடம் நடத்திய பிள்ளைகளில் பலர் இன்று எரித்திரியாவில் இல்லை. 18 மாதம் என்று 1995-இல் சட்டம் போட்ட தேசிய சேவை, எல்லைப் போருக்குப் பின் முடிவே தெரியாமல் நீண்டது. லட்சக்கணக்கில் இளைஞர்கள் வெளியேறினார்கள். 2013 அக்டோபர் 3-ஆம் தேதி இத்தாலியின் லம்பெதூசா தீவு அருகே படகு கவிழ்ந்து 366-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் எரித்திரியர்கள். இறந்தவர் பட்டியலில் என் மாணவர் பெயர் வருகிறதா என்று நான் நாள்கணக்கில் பயந்துகொண்டிருந்தேன். 2001 செப்டம்பரில் மூடிய தனியார் பத்திரிகைகள் இன்றுவரை திறக்கவில்லை. பத்திரிகை இல்லாத நாட்டில் சாதாரண மனிதரின் அன்றாடப் பேச்சு அச்சில் ஏறுவதே இல்லை. அதனால்தான் உங்கள் ஆணையத்தின் பொறுப்பு வேறெந்த நாட்டின் பண்பாட்டுத் துறையைவிடவும் கனமாக இருக்கிறது என்கிறேன்.

வெளியே போனவர்கள் மரபையும் கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள். 1974-இல் இத்தாலியின் போலோன்யாவில் புலம்பெயர்ந்தவர்கள் தொடங்கிய எரித்திரிய விழா, நாடு பிறப்பதற்கு முன்பே நாட்டைக் கட்டிய விழா. தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள், வீட்டு வேலை செய்த பெண்கள், சம்பளத்தில் பாதியைப் போராட்டத்துக்கு அனுப்பிவிட்டு அங்கே கூடிக் குவைலா ஆடினார்கள். அந்த விழாவின் வாரிசுகள் 2023-இல் என்ன ஆயின? கீசன், ஸ்டாக்ஹோம், டொராண்டோ, டெல் அவீவ் என்று ஊர் ஊராக, அரசை ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் அடிதடி. உள்ளே சிவப்பு, பச்சை, நீலக் கொடி, வெளியே, எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியில் இருந்தபோது பறந்த 1952-இன் நீலக் கொடி. இரண்டிலும் அதே ஒலிவ இலைகள்தான். நீலக் கொடியை எத்தியோப்பிய அரசு இறக்கியபோது துடித்தவர்களின் பேரப்பிள்ளைகளும், இன்றைய கொடிக்காக உயிர் கொடுத்தவர்களின் பிள்ளைகளும், ஜெர்மனியில் ஒரு மைதானத்துக்கு வெளியே கல்லால் அடித்துக்கொண்டார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கூட்டத்தில் தெரிந்த முகம் தென்படுகிறதா என்று இரண்டு பக்கமும் தேடினேன்.

இந்தச் சண்டையை ஒரு பண்பாட்டு ஆணையம் தீர்த்துவிட முடியாது, தெரியும். ஆனால் விழாவை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி உங்கள் மேசையில்தான் இருக்கிறது. விசுவாசமானவர்கள் மட்டுமே எரித்திரியர்கள் என்ற தொனி உங்கள் விழாக்களில் இருக்கும்வரை, தாலியேரோவின் சிறகும் மெத்தெராவின் கல்லும் பாதிப் பேருக்கு அரசாங்கத்தின் சொத்தாகவே தெரியும். ஃபிராங்க்பர்ட்டில் டாக்சி ஓட்டுகிறவரின் தாத்தா அஸ்மாராவில் கல் உடைத்தவராக இருக்கலாம். எல்லை தாண்டி ஓடியவர் என்பதால் அவர் தாத்தா உடைத்த கல் சுவரிலிருந்து விழுந்துவிடவில்லை. அவரும் வந்து தாத்தாவின் கதையைச் சொல்ல வேண்டும். பயமில்லாமல் சொல்ல வேண்டும், சொன்னதற்காக ஊரில் இருக்கும் அம்மாவிடம் யாரும் விசாரிக்கக் கூடாது.

எப்படிச் செய்வது என்று எனக்குத் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பணம் வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை மரம் நடவும் மலைச்சரிவில் கல்வரப்பு கட்டவும் அனுப்புகிற திட்டம் உங்களிடம் வெகுகாலமாக இருக்கிறது. அதில் ஒரு பகுதி நேரத்தை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்த ஊரில், தன் தாய்மொழியில், ஒரு தாத்தாவோ பாட்டியோ பேசுவதைப் பதிவு செய்யட்டும். ரயில்வேக்காரர்களை முதலில் பிடியுங்கள், அவர்களில் மிச்சம் கொஞ்சப் பேர். அடுத்து அப்பா ஷாவுல், மெதெபெர், மசாவாவில் பவளக்கல் வீடு கட்டத் தெரிந்தவர்கள். 1990-இல் மசாவா மீது குண்டு விழுந்தபோது அங்கே இருந்தவர்களுக்கு அந்த வீடுகள் எப்படி நின்றன, எப்படிச் சரிந்தன என்பது தெரியும். பழுது பார்க்க வருகிற எந்தப் பொறியாளருக்கும் அது தேவைப்படும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தூதரகம் வேண்டாம். அங்குள்ள பல்கலைக்கழகங்களோ, யுனெஸ்கோவோ நடுவில் நின்று வாங்கி வைக்கட்டும். நீங்கள் வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டால் போதும். அப்புறம் அஸ்மாராவின் கட்டடங்களுக்கு முன்னால் தகவல் பலகை வைக்கும்போது, வடிவமைத்தவர் பெயருக்குக் கீழே ‘கட்டியவர்கள்’ என்று ஒரு வரி விடுங்கள். கிடைத்த பெயர்களை எழுதுங்கள். கிடைக்காத இடத்தில் எந்தக் கிராமத்திலிருந்து வந்தார்கள் என்றாவது எழுதுங்கள்.

என்னிடம் இருப்பதையும் ஒப்படைக்க விரும்புகிறேன். மெதெபெர் பெரியவர் சொன்ன அப்பாவின் பெயர், கெரென் திங்கட்கிழமைச் சந்தையில் எடுத்த படங்கள், மே 29-ஆம் தேதி மரியம் தெயாரித் என்ற மாதா திருத்தலத்தின் பெருக்கமரத்தடியில் கூடிய கூட்டத்தின் படங்கள், மாணவர்கள் பாடிக் காட்டிய பிலேன், திக்ரே பாட்டுகளின் ஒலிப்பதிவுகள். யார் பாடியது, எந்த ஊர் என்பதை அன்றைக்கே நோட்டில் குறித்திருக்கிறேன். பாடியவர்களில் சிலர் இப்போது ஐரோப்பாவில் இருக்கிறார்கள், சிலர் எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவர்களிடம் கேட்டு, சரி என்று சொன்னவர்களின் பாட்டை மட்டும் அனுப்புவேன். அவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் பெயரை மாற்றாமல், மறைக்காமல் வைப்பீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் தெரிவியுங்கள்.

மரியாதையுடன்,
கெரெனில் பாடம் சொன்ன ஒரு தமிழ் ஆசிரியர்